நம் வீட்டில் யாருக்கும் இல்லை

லிமா, 4 மே 1986

அன்பு மகள் ஒதிலியாவுக்கு,

உன் கடிதத்தில் தேதி இல்லை, எழுத்தும் கோணல். மடத்துப் பள்ளியில் இதற்கு என்னை முட்டி போட வைத்திருப்பார்கள். காய்ச்சல் என்பதால் மன்னிக்கிறேன். மூன்று மாதமாகவா காய்கிறது? வேளைக்குச் சாப்பிடு.

வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்ததா என்று டாக்டர் கேட்டாராமே, என்ன துணிச்சல்! நம் உர்தியாகா குடும்பத்தில் யாருக்கும் இல்லையென்று சொல். உன் அப்பா மாரடைப்பில் போனார்.

ஆசிகளுடன்,
அம்மா எடெல்மிரா

அரெகிபா, 19 மே 1986

அன்புள்ள அம்மா,

நீங்கள் எழுதியபடியே சொன்னேன். நெஞ்சுப் படம் சுத்தம், சளியிலும் ஒன்றுமில்லை. கல்லீரலில் மட்டும் எலுமிச்சை அளவு கட்டி. ஊசியில் எடுத்த துணுக்கை வைத்து எதுவும் உறுதியாகச் சொல்ல முடியவில்லையாம். என் கட்டிலருகிலேயே சண்டை. பெரிய சர்ஜன், "நெஞ்சு பளிச்சுன்னு இருக்கு, நீ கல்லீரல்ல போய் டிபி தேடுறியே! புத்துநோய்ப்பா இது, வெட்டித்தான் எடுக்கணும்," என்றார். சின்ன டாக்டர் யுபாங்கி என்னிடம் மூன்றாம் முறையாக, "நல்லா யோசிங்கம்மா. சின்ன வயசுல வீட்டுல ஒருத்தருக்கு இருந்திருந்தாக்கூடப் போதும், முதல்ல மாத்திரை குடுத்துப் பாக்கலாம்னு அவர்கிட்ட மல்லுக்கு நிப்பேன்," என்றார்.

"எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க, டாக்டர்," என்றேன்.

ஜூன் 9 அறுவைச் சிகிச்சை. பயமாக இருக்கிறது.

உங்கள் ஒதிலியா

லிமா, 3 ஜூன் 1986

மகளே,

இதை நான்காம் முறை எழுதுகிறேன். உன் அப்பாவுக்கு மாரடைப்பு இல்லை. பள்ளி ஆய்வாளராக ஹவுஹாவுக்குப் போனார் என்றதும் பொய். அந்த மலையூரில் காசநோயாளிகளுக்கான விடுதியில் இரண்டு வருடம் கிடந்து இறந்தார். அங்கே போவதற்கு முன் ஒரு குளிர்காலம் முழுக்க நீ அவர் மார்பில்தான் தூங்கினாய். உனக்கு நான்கு வயது. தெரிந்தால் உன்னை யார் கட்டுவார்கள் என்று மறைத்தேன்.

நேற்று உன் ஆஸ்பத்திரிக்கு ஃபோன் செய்ய மளிகைக் கடைக்குப் போனேன். ஐந்து பேர் நின்றார்கள். கடைக்காரி, "மகளுக்கா, எடெல்மிராம்மா? கத்திப் பேசுங்க, லைன் சரியில்ல," என்றாள். அந்த நோயின் பெயரை அங்கே கத்திச் சொல்ல என்னால் ஆகவில்லை. அவசரத் தபாலில் அனுப்புகிறேன். சின்ன டாக்டரிடம் காட்டு. கத்தி வைக்க விடாதே.

அம்மா

அரெகிபா, 24 ஜூன் 1986

அம்மா,

கடிதம் 12ஆம் தேதி வந்தது. ஒன்பதாம் தேதியே வெட்டிவிட்டார்கள். எடுத்த துண்டில் காசநோய்தான் என்று ஆய்வகம் சொல்கிறது. புண்ணில் பித்தம் கசிகிறது. சின்ன டாக்டர் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்து, "மாத்திரையிலேயே முடிஞ்சிருக்கும்மா," என்றார். மாத்திரை இப்போது தொடங்கியிருக்கிறார்கள். பிழைப்பேனா என்று கேட்டால் காய்ச்சல் அட்டையை எடுத்துப் பார்க்கிறார்கள்.

என் குழந்தைகளையும் பரிசோதிக்கச் சொன்னார்கள். ஏன் வகுப்புக்கு வரவில்லையென்று ஆசிரியை கேட்டதற்கு, "எங்கம்மாவுக்கு டிபி, டீச்சர்," என்றாளாம் சின்னவள்.

நீங்கள் வர வேண்டாம். இந்த வார்டில் பன்னிரண்டு கட்டில். மகளுக்கு என்னவென்று எல்லோரும் உங்களிடம் கேட்பார்கள்.

ஒதிலியா