ரப்பர் பேண்டு இல்லாத டப்பா

இன்று காலை உன் வீட்டுக்காரர் குனோங் ராபாட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் வந்து ஒரு தகர டப்பாவைக் கொடுத்தார். "மேசை டிராயர்ல இருந்துச்சு. உங்க பேரு எழுதியிருக்கு," என்றார். திறந்ததும் ஈயமும் எண்ணெயும் கலந்த அதே வாடை. உன் கருமாதி முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை.

போட்டிக்கு முந்தைய சனிக்கிழமைகளில் உன் சமையலறை மேசையில் கண்ணாடித் துண்டைப் போட்டு, ஏர் ரைஃபிள் குண்டுகளை ஒவ்வொன்றாக உருட்டுவோம். நல்லது சீராக வளைந்து ஓடும். விளிம்பு நசுங்கியது தள்ளாடும். உன்னுடையதை நான் பார்ப்பேன், என்னுடையதை நீ. "சொந்தக் குண்டுன்னா கண்ணு எரக்கம் காட்டும் லா," என்பாய். நல்லதும் கழிசலும் ஒரே மாதிரி டப்பாக்களில். பயிற்சிக்கு ஒதுக்கிய கழிசல் டப்பாவுக்கு மட்டும் ரப்பர் பேண்டு போட்டு வைப்போம்.

மாநில அணியில் ஒரே ஓர் இடம். மிஞ்சியது நாம் இருவர். தேர்வுப் போட்டியன்று கிளப்புக்குள் நுழையும் அவசரத்தில், தலைமுடியைக் கட்ட உன் பைக்குள் கைவிட்டு, அகப்பட்ட ரப்பர் பேண்டை உருவிக்கொண்டேன். எதிலிருந்து உருவினேன் என்று பார்க்கவில்லை.

உன் குண்டுகள் இலக்கில் சிதறின. இடைவேளையில், "நேத்து நல்லாத்தானே இருந்துச்சு, கை நடுங்குதோ என்னமோ," என்றாய். உன் பக்கத்தில் இரண்டு டப்பாக்கள். இரண்டிலும் ரப்பர் பேண்டு இல்லை. என் கை தானாகப் பின்னந்தலைக்குப் போனது. டப்பாவை மாற்று என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நான் பாவி, வாயைத் திறக்கவில்லை. இரண்டு புள்ளியில் ஜெயித்தேன்.

எல்லோரும் கைகுலுக்கிப் போனபின் நீ என் பின்னால் வந்தாய். முடியிலிருந்த ரப்பர் பேண்டை மெல்ல உருவினாய். அதைப் பார்த்துவிட்டு, அன்று சுட எடுத்த டப்பாவில் மாட்டினாய்.

"சனிக்கெழம வா. ஒனக்குக் குண்டு பாக்கணும் லா."

வந்தேன். நீ உருட்டிக்கொண்டே இருந்தாய்; இப்போது கேட்பாய், இப்போது கேட்பாய் என்று நான் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றும் கேட்கவில்லை, அதன்பின் ஒருநாளும் கேட்கவில்லை. கேட்டுத் திட்டியிருக்கலாம் நீ. தெரிந்துதான் சும்மா இருந்தேன் என்பதை இன்று ஆளில்லாத இடத்தில் சொல்கிறேன், என்ன பிரயோசனம்?

மத்தியானம் கண்ணாடியைப் போட்டு உன் டப்பாவைக் கொட்டினேன். படுத்த படுக்கையாக இருந்தவள் இதையெல்லாம் எப்போது உருட்டினாய்? ஒன்றாவது கழிசலாக இருக்காதா, அந்த மட்டுக்காவது நீ கணக்குத் தீர்த்திருக்க மாட்டாயா என்று ஒவ்வொன்றாக உருட்டினேன்.

ஒன்றுகூடத் தள்ளாடவில்லை.