செல் வளர்த்தவர்கள் வேண்டாம்

அன்புள்ள அப்பா,

நேற்று போனில் "வேலை எப்படிம்மா போகுது?" என்று கேட்டீர்கள். இந்த மாதத்தோடு என் ஒப்பந்தம் முடிகிறது என்று நான் சொல்லவில்லை. உங்கள் முழங்கால் வலியை விசாரித்துப் பேச்சை மாற்றிவிட்டேன்.

மருந்து ஆய்வகத்தில் செல், அதாவது உயிரணு, வளர்க்கும் எங்கள் பிரிவை மூடுகிறார்கள். புதிதாக ஒரே ஓர் இடம், அதுவும் கணினியில் தரவுகளை அலசுபவருக்கு. விண்ணப்பங்களை வடிகட்டும் விதிகளை எழுத மேலாளர் என்னையே உட்காரவைத்தார்.

"செல் மட்டும் வளர்த்தவங்கள கம்ப்யூட்டரே கழிச்சிடட்டும்மா."

எழுதிக்கொடுத்தேன்.

"உன் கழுத்துக்கு நீயே கயிறு திரிக்கிறியாடி?" என்று பக்கத்து மேசைத் தோழி சிரித்தாள். நானும் சிரித்தேன்.

என் அசல் பட்டச் சான்றிதழை அனுப்பிவையுங்கள். உறையில் இடமிருக்கும், அம்மாவை இரண்டு வரி எழுதச் சொல்லுங்கள். பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன், பஸ் வந்துவிட்டது.

உங்கள் மகள்

பி.கு.: அந்த இடத்துக்கு நானும் விண்ணப்பித்தேன். நான்கே நிமிடத்தில் நிராகரிப்பு வந்தது.