அப்பாவின் படத்துக்குப் பின்னால் நின்ற டென்மார்க் ஏசண்டருக்கு

மதிப்புக்கும் கொஞ்சம் பயத்துக்கும் உரிய ஐயா,

நான் பாரிஸிலிருந்து எழுதுகிறேன். லா சப்பலில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை, செவ்ரானில் வீடு. படிப்பு பத்தாம் வகுப்பு. அதையும் இரண்டு தரம் படித்தேன். செத்து முந்நூறு வருடத்துக்கு மேலாகிவிட்ட ஒரு பிரபுவுக்குக் கடிதத்தை எப்படித் தொடங்குவதென்று யாரும் எனக்குப் படிப்பிக்கவில்லை. உங்கள் பெயரையும் எழுதப்போவதில்லை. அது என் வாய்க்குள் நுழைகிற பெயரில்லை.

"அவருக்குத் தமிழ் விளங்குமா, பப்பா?" என்று மகள் கேட்டாள். பதினொரு வருடம் எங்கள் வீட்டுச் சுவரில் இருந்தவருக்கு விளங்காமல் போகுமா? என் மனுசி என்னை ஏசிய ஏச்சிலேயே பாதித் தமிழ் படித்திருப்பீர்கள்.

பிழை என்னுடையது, ஐயா. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

அப்பா யாழ்ப்பாணத்தில் இறந்தபோது எனக்கு இங்கே கார்த், அதாவது வதிவிட அனுமதி, கிடைத்திருக்கவில்லை. வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. சித்தப்பாவின் மகன்தான் கொள்ளி வைத்தான். நான் கடையின் பின்னறையில், வெங்காயச் சாக்குக்குமேல் இருந்து போனில் பார்த்தேன். படம் விட்டுவிட்டு வந்தது. அப்பாவைத் தூக்கும்போது நின்றுபோய், திரும்ப வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது.

முப்பத்தோராம் நாள் வீட்டில் படைப்பதென்று முடிவெடுத்தோம். ஐயர் பதினொரு மணிக்கு வருவார். ஒன்பது மணிக்குத்தான் அப்பாவின் படத்துக்குச் சட்டம் வாங்கவில்லை என்பது என் மூளைக்கு எட்டியது. லா சப்பலுக்கு ஓடினேன். மெட்ரோப் பாலத்துக்குக் கீழே நிலத்தில் துணி விரித்துப் பழைய சாமான் விற்பவரிடம், கறுத்த மரத்தில் நல்ல கம்பீரமான சட்டம் ஒன்று இருந்தது. உள்ளே நீங்கள் இருந்தீர்கள்.

பழைய அச்சுப்படம். தாடி, தொப்பி, கழுத்தைச் சுற்றி இடியப்பத்தட்டு மாதிரி ஒரு வெள்ளை மடிப்புக் கொலர். உங்களை வெளியே எடுக்கப் பார்த்தேன். பின்பக்கம் முழுக்கத் துருப்பிடித்த ஆணிகள். கண்ணாடி மட்டும் முன்பக்கத்தால் கழன்று வந்தது. சரி, பிறகு ஆறுதலாக எடுப்போம் என்று, உங்கள் முகத்துக்குமேல் மகளின் பள்ளிக்கூடப் பசையைத் தாராளமாகப் பூசி அப்பாவை ஒட்டிவிட்டேன். அடையாள அட்டைப் படத்தைப் போன் கடையில் மெல்லிய தாளில் பெருப்பித்து எடுத்த அப்பா. அந்த 'பிறகு' பதினொரு வருடமாக வரவே இல்லை.

அப்பா யாரென்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். அவர் கச்சேரியில், அதாவது மாவட்ட அரசாங்க அலுவலகத்தில், பியோன். அரசாங்க அதிபரை அந்தக் காலத்து ஆட்கள் 'ஏசண்டர்' என்பார்கள். மாவட்டம் முழுக்க அவர் கையில். அந்த ஏசண்டரின் அறை வாசலில், திரைச்சீலைக்குப் பக்கத்தில், வெள்ளைச் சேட்டுப் போட்டுக்கொண்டு அப்பா முப்பது வருடம் நின்றார். மேசை மணி அடித்தால் உள்ளே போவார். கோப்பு எடுப்பார், கோப்பு வைப்பார். எத்தனையோ ஏசண்டர்மார் மாறினார்கள். அந்த அறையில் இருந்த கதிரைகளில் ஒன்றிலாவது அவர் இருந்ததில்லை; 'இரும்' என்று ஒருவரும் சொன்னதுமில்லை. பென்சன் எடுத்த பிறகும், வீட்டில் சாமிக்கு மணி அடித்தால் சாப்பாட்டிலிருந்து எழும்பி நிற்பார். நாங்கள் சிரிப்போம். இப்போது நினைத்தால் எதற்குச் சிரித்தோம் என்று தெரியவில்லை.

இந்தக் குளிருக்குச் சுவரெல்லாம் ஈரம் பிடித்தது. ஒரு காலை மனுசி கூப்பிட்டாள்.

"இஞ்சாருங்கோ, மாமாவின்ர கழுத்தைப் பாருங்கோ."

"மாலையின்ர நிழலப்பா."

"மாலையை நான் வெள்ளிக்கிழமையே கழட்டிப்போட்டன்."

கிட்டப் போய்ப் பார்த்தேன். அப்பாவின் கழுத்தைச் சுற்றி வட்டமாக ஒரு மடிப்பு எழும்பியிருந்தது. அடுத்த கிழமை, என்றைக்கும் மீசை தாடி வைக்காத அப்பாவுக்குத் தாடி வந்தது. பிறகு அவருடைய கண்களுக்குச் சற்று மேலே இன்னும் இரண்டு கண்கள். எந்தப் பக்கம் போய் நின்றாலும் அந்த இரண்டும் என்னைப் பார்த்தன. விளக்கு வைக்கும்போது நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு வைத்தேன். நீங்கள்தான் என்று உடனே தெரிந்தது, ஐயா. மனுசியிடம் சொல்ல நாலு நாள் பிடித்தது.

ஆணிகளைக் கத்தியால் நெம்பிச் சட்டத்தைக் கழற்றினேன். உங்கள் படத்தின் அடியில் எழுத்து இருந்தது. அதைப் படம் பிடித்து டென்மார்க்கில் இருக்கிற யோகனுக்கு அனுப்பினேன். என்னோடு படித்தவன், முப்பது வருடமாக அங்கே இறைச்சித் தொழிற்சாலையில் வேலை.

"டேய், பழைய டெனிஷ், பாதிதான் விளங்குது," என்றான். "ஆனா உன்ர கொப்பருக்குப் பின்னாலை நிக்கிறவர் சின்ன ஆளில்லை. ராசா வைச்ச ஏசண்டர்."

"பகிடி விடாதை."

"உண்மையாத்தான். கொப்பர் ஒருநாளும் ஏசண்டருக்கு முதுகு காட்டியிருக்க மாட்டார். நீ காட்ட வைச்சிட்டாய்."

அவன் சிரித்தான். நானும் சிரித்தேன். 

உங்கள் பெயரைப் போனில் தட்டி, மகள்தான் உங்கள் கதையை வாசித்துச் சொன்னாள். பெரிய மாளிகையில் பிறந்தீர்களாம். சின்ன வயதில் இன்னொரு பிரபுவின் வீட்டில் மேசைக்குப் பக்கத்தில் நின்று பரிமாறிப் பழகினீர்களாம். வெளிநாட்டில் படித்து, அரண்மனையில் வேலை பார்த்து, பிறகு ராசா உங்களுக்கு ஒரு கோட்டையையும் ஒரு மாகாணத்தையும் தந்தார். தானியமும் வெண்ணெயும் வரியாகச் சேர்த்தீர்கள். வழக்குத் தீர்த்தீர்கள். வெண்ணெய் குறைந்த ஒரு குடியானவனைக் குளிரில் வாசலில் நாள் முழுக்க நிற்கவைத்ததாகவும் எழுதியிருக்கிறதாம். அவன் விரல்கள் போய்விட்டன. அதை வாசிக்கும்போது மகளின் குரல் இறங்கிவிட்டது. உங்கள் வாசலில் இன்னும் எத்தனை பேர் நின்றார்கள், ஐயா?

பிறகு சண்டை வந்து, அந்த மாகாணத்தைப் பக்கத்து நாட்டு ராசா பிடித்துக்கொண்டார். புது ராசாவுக்குச் சத்தியம் பண்ணினால் வீடு வாசலோடு இருக்கலாம் என்றார்கள். நீங்கள் பண்ணவில்லை. கடலைத் தாண்டி டென்மார்க் பக்கம் வாடகை வீட்டில் இருந்து, பிள்ளைகளை உங்களுக்கு முன்னாலேயே அடக்கம் செய்துவிட்டு இறந்தீர்கள். விட்டு வந்த ஊர்த் தேவாலயத்தில் உங்களுக்கென்று கட்டிய கல்லறையில் உங்கள் பெயர் மட்டும் இருக்கிறதாம். உள்ளே ஆளில்லை.

"பப்பா," என்றாள் மகள், "லுய் ஒசி, ரெஃபூஜியே." அவரும் அகதிதான் என்கிறாள்.

மனுசிக்கு அதிலெல்லாம் இரக்கம் வரவில்லை. "பதினொரு வருசம் மாமாவுக்கெண்டு வைச்ச சோத்தை இந்த மனிசன் திண்டிருக்கு. கத்தரிக்காய்ப் பொரிச்ச குழம்பு, வடை, பாயாசம், சுருட்டுக்கூட விடேல்லை. அப்ப மாமா அங்கை பட்டினியோ?"

அந்தக் கேள்விதான் என்னை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது. கொள்ளியும் வைக்காத மகன் நான். வருடத்தில் ஒரு நாள், ஓர் இலைச் சோறு, அதுதான் நான் அப்பாவுக்குச் செய்தது. அதுவும் போய்ச் சேரவில்லையென்றால் நான் என்ன செய்திருக்கிறேன்?

இரண்டு பேரையும் பிரிக்கப் பார்த்தேன். சோற்றுப் பானையின் ஆவியில் பிடித்து மெல்ல உரித்தேன். அப்பாவின் இடது காது உங்கள் தொப்பியோடு போய்விட்டது. மனுசி, "விடுங்கோ, விடுங்கோ!" என்று கத்தினாள். விட்டுவிட்டேன். உங்களை வெளியேற்றினால் அப்பா கிழிந்துவிடுவார். பசையைத் தாராளமாகப் பூசிய கை இதே கைதான்.

போன ஞாயிற்றுக்கிழமை திவசம். மனுசி சமைத்தாள். படத்துக்கு முன்னால் இலை போட்டாள். கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள். பிறகு குசினிக்குள் போய் இன்னொரு இலை கொண்டு வந்தாள்.

"அந்தாளுக்கும் ஒருத்தருமில்லையாம்," என்றாள். "எனக்குப் பிள்ளை சொன்னவள். ஆனா சுருட்டு மாமாவுக்கு மட்டும்தான்."

தீபம் காட்ட மணியைக் கையில் எடுத்தேன். அப்போதுதான் எனக்குத் திடுக்கென்றது. பதினொரு வருடமாக இலை போட்டவுடன் நான் மணி அடித்திருக்கிறேன். மணி கேட்டால் அப்பா எழும்பி நிற்பார். பின்னால் ஓர் ஏசண்டர் வேறு. அப்பா எங்கே உட்கார்ந்து சாப்பிட்டிருப்பார்? நீங்கள் திருடவில்லை, ஐயா. அவர்தான் உங்களுக்கு விட்டுக்கொடுத்துவிட்டுச் சுவரோரமாக நின்றிருப்பார்.

மணியை அப்படியே துணியில் சுற்றி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன்.

கச்சேரிக்கு மனுக் கொண்டு வருகிற ஆட்களுக்கு அப்பா ஒரு புத்தி சொல்லுவாராம்: "கனக்கக் கதையாதை. ஒண்டு மட்டும் கேள்." என்னுடைய ஒன்று இதுதான். உங்களோடு ஒட்டிக்கொண்டு நிற்கிற அந்தப் பியோன் நானோ மனுசியோ சொன்னால் கேட்க மாட்டார். உத்தியோகத்தர் சொன்னால் கேட்பார். அடுத்த திவசத்துக்கு இலை போட்டதும், நீங்கள் முதலில் கை வைக்காமல், அவரைப் பார்த்து ஒரு சொல் சொல்லுங்கள்: "இரும்."

அது போதும். குளிரில் நின்ற அந்தக் குடியானவனுக்குச் சொல்லாததை இவருக்காவது சொல்லுங்கள்.

நான் உயிரோடு இருக்கும்வரை இரண்டு இலை போடுவேன். மணி அடிக்க மாட்டேன். எனக்குப் பிறகு மகள் போடுவாள்; கேட்டேன், "ஓம் பப்பா" என்று தமிழிலேயே சொன்னாள்.

பதினொரு வருடம் தெரியாமலும், இனித் தெரிந்தும் திவசம் செய்வதால்
உங்களுக்கும் மகன் முறையாகிவிட்ட,
கச்சேரிப் பியோனின் மூத்த மகன்