குமிழி விடாத ஆள்

13.9.1987, ஞாயிறு

மூழ்குவதில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்ற எண்ணத்தோடுதான் இன்று மொன்றியலுக்கு வெளியே அந்தப் பழைய கல்குவாரிக் குளத்தில் இறங்கினேன். திருகோணமலையில் சங்கு குளித்தவன் நான். ஆனால் இது ஐஸ் தண்ணீர், கலங்கல் வேறு. நீட்டிய கையே தெரியவில்லை. முதுகில் காற்றுச் சிலிண்டர் இருந்தும், பழக்கத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு அடியில் சுகமாகக் கிடந்தேன். அந்தக் கலங்கலில் ஆள் இருக்கும் இடத்தைக் காட்டுவது குமிழிகள்தான். என் குமிழிகள் நின்றதும் பயிற்சி தரும் பிரெஞ்சுக்காரன் பாய்ந்து வந்து என்னை மேலே இழுத்துப்போட்டான்.

டோர்வல் விமான நிலையத்தில் ஷிப்டை மாற்றிவிட்டு என்னோடு வந்த சிவா, கரையில் துவாயோடு நின்று கத்தினான்: "உங்களுக்கென்ன விசரே அண்ணை? நீங்கள் செத்துப்போனியள் எண்டு அவன் பயந்திட்டான்!"

"செத்தவன் இப்பிடி நடுங்குவானோடா?" என்றேன்.

பிரெஞ்சுக்காரனுக்கு எந்த மொழியில் சொல்வது? ஊரில் நேவியின் ரோந்துப் படகு தலைக்கு மேலே நிற்கும்போது குமிழி விடக் கூடாது. ஒருமுறை என்னோடு மூழ்கிய என் தம்பி விட்டான். அதோடு அவன் இல்லை.

அடுத்த ஞாயிறு சோதனை. நிச்சயம் பாஸ் பண்ணுவேன். இங்கே மேலே ஒரு படகும் இல்லை. அதை நெஞ்சுக்கு மட்டும் இன்னும் சொல்லிக்கொடுக்க வேண்டும்.