வேலியோரம் வந்த நீல இறக்கை

நேற்று அலமாரியைத் துடைக்கும்போது உங்கள் கேமராவின் தோல் உறை கையில் அகப்பட்டது. பூஞ்சை வாடை மூக்கில் ஏறியது. உள்ளே எதையாவது ஒளித்து வைத்திருக்கிறீர்களா என்றுதான் முதலில் விரலை விட்டுத் துழாவினேன். நீங்கள் போய் நான்கு வருஷமாகியும் என் புத்தி மாறவில்லை பாருங்கள்.

அறுபதுகளின் தொடக்கம். சிங்கப்பூரில், செம்பவாங் கப்பல் தளத்தில் உங்களுக்கு வேலை. அவர்கள் கொடுத்த குவார்ட்டர்ஸில் நம் குடித்தனம். ஞாயிறு காலையானால் சமையலறை ஜன்னலருகே முக்காலி போட்டு, கேமராவை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டு அசையாமல் உட்கார்ந்துவிடுவீர்கள். வேலிக்கு அந்தப் பக்கம் துணி உலர்த்துகிறவள் கல்யாணமாகாத ஒரு நர்ஸ். எனக்கு வயிறு எரியாதா?

“அங்க என்னதான் இருக்கு?”

“பச்சை முதுகு, நீல இறக்கை, சிவப்பு வயிறு. வருஷத்துல ஒரு தடவை இந்தப் பக்கமா போற பறவை. மெதுவா பேசு, ஓடிடும்லா.”

நான் எட்டிப் பார்த்தபோதெல்லாம் நம் செம்பருத்திச் செடியும் அவள் புடவையும்தான் தெரிந்தன.

உங்களோடு வேலை செய்தவர்களும் நம்பவில்லை. அதெல்லாம் காட்டுப் பறவை, வீட்டுத் தோட்டத்துக்கு வராது என்று கேலி செய்தார்களாம். “படம் வரட்டும், அப்புறம் பேசட்டும்” என்றீர்கள். பிலிம் முடிந்த அன்று நீங்கள் குளிக்கப் போனதும் நான் கேமராவைத் திறந்தேன். சுருளை இழுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். ஒரு முகமும் தெரியவில்லை. அவள் படத்தை எங்கோ மறைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டு, சுருட்டி வைத்து மூடினேன். வெளிச்சம் பட்டால் படம் போய்விடும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

மறுவாரம் சிராங்கூன் சாலை ஸ்டூடியோக்காரர் உதட்டைப் பிதுக்கினார். “முழுசா வெளிச்சம் பட்டுடுச்சு. யாரோ தொறந்திருக்காங்க.”

நீங்கள் என் பக்கம் திரும்பவே இல்லை. “நான்தான். ஞாபகமில்லாம தொறந்துட்டேன்.”

எனக்கு உயிர் வந்தது. பஸ் ஏறியதும் சந்தேகமும் வந்தது. செய்யாத தப்பை இந்த மனிதர் ஏன் ஏற்கிறார், எதை மறைக்க?

இரண்டு நாள் கழித்து, நீங்கள் வேலைக்குப் போயிருந்தபோது துணி உலர்த்தப் போனேன். செம்பருத்தி அடியில் சருகைக் கிளறியபடி அது நின்றது. பச்சை முதுகு, நீல இறக்கை, சிவப்பு வயிறு. நீங்கள் சொன்னது சொன்னபடியே இருந்தது. கையில் ஈரத்துணியோடு வெட்கப்பட்டு நின்றேன்.

அந்தச் சனிக்கிழமை உங்கள் சகாக்கள் இருவர் தேநீருக்கு வந்தார்கள். “என்னண்ணே, உங்க பறவை பாஸ்போர்ட் எடுத்துக்கிட்டு கிளம்பிடுச்சா?” என்று ஒருவர் கேட்க, மற்றவர் சிரித்தார்.

“நான் பாத்தேன்” என்றீர்கள். அவ்வளவுதான். பிறகு என்னைப் பார்த்தீர்கள்.

நானும் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பேச்சு வளர்ந்து பிலிம் விஷயத்தில் வந்து நிற்குமோ என்று பயந்தேன். “வடை ஆறுது, சாப்பிடுங்க” என்றேன்.

அதற்குப் பிறகு அந்த ஜன்னலருகே நீங்கள் முக்காலி போடவில்லை.

கேமராவைத் திறந்தது நான்தான் என்பது உங்களுக்கு அன்றே தெரிந்திருக்கும் என்றுதான் இன்னமும் சந்தேகப்படுகிறேன். அதை நீங்கள் மன்னித்தும் இருப்பீர்கள். ஆனால் அந்தப் பறவையை நானும் பார்த்தது உங்களுக்குத் தெரியாது. உங்களை நம்ப ஒருத்தி வீட்டிலேயே இருந்தாள் என்பது தெரியாமலே போய்விட்டீர்கள்.