உறுமலுக்குள் இருந்த சொல்

ஞாயிறு

அன்புள்ள உச்சாணிக்கு,

இங்கே தொண்டை ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் சௌக்கியம். உன் முதுகுவலியும் அந்தக் கிரேன் கூண்டின் ஆட்டமும் எப்படி இருக்கின்றன என்று எழுது.

பேனா பிடித்துக் கடிதம் எழுதுகிறேனே என்று சிரிக்காதே. டாக்டர் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். குரல்நாண் வீங்கியிருக்கிறதாம், ஓரத்தில் ரத்தமும் கட்டியிருக்கிறதாம். உறுமக் கூடாது, பேசக் கூடாது, கிசுகிசுக்கவும் கூடாது. கிசுகிசுப்பது இன்னும் கெடுதலாம். என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேட்டார். பகலில் டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்கிறேன், சாயங்காலம் ஒரு பேண்டில் டெத் மெட்டல், அதாவது உறுமிப் பாடுகிற பாட்டு, பாடுகிறேன் என்று எழுதிக் காட்டினேன். மனிதர் இரண்டு தடவை படித்துவிட்டு, தொண்டையைக் கெடுத்தது இதில் எது என்று தனக்கே பிடிபடவில்லை என்றார்.

எனக்குத் தெரியும். காய்ச்சலும் சளியுமாக ஒரு வாரம் கைடு பாடினேன், அதுதான். முந்தைய ஆல்பங்களுக்கெல்லாம் வரிகளை எழுதி முடித்த பிறகே மைக் முன்னால் நிற்பேன், உனக்கே தெரியும். இந்தத் தடவை ஒரு வரிகூட எழுத வரவில்லை. ட்ரம்ஸ் வாசிக்கிற நம் குண்டூசி கேட்டால்தானே? உறுமல் எங்கே ஆரம்பிக்கிறது, எங்கே நிற்கிறது என்று தெரியாமல் ட்ரம்ஸ் வாசிக்க முடியாது, "வரி கிடக்கட்டும், வாய்க்கு வந்ததை உறுமுடா" என்றான். அவன் ட்ரம்ஸ் பதிவு பண்ணும்போது காதில் கேட்டுக்கொள்ள மட்டும் ஒரு குரல். அதைத்தான் கைடு என்கிறோம். கடைசியில் நிஜக் குரல் பதிவானதும் கைடை அழித்துவிடுவார்கள். அழியப்போகிற ஒன்றுக்காகத் தொண்டையைக் கிழித்துக்கொண்டவன் உலகத்திலேயே நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

அன்றைக்கு வீடியோ காலில் நாம் பட்ட பாடு போதும். நீ பேச, நான் தலையாட்ட, நீ சிரிக்க, கொஞ்ச நேரத்தில் நீயும் பேச்சு வராமல் உட்கார, சீ என்று ஆகிவிட்டது. போனில் தட்டினாலும் நாலு வார்த்தைக்கு மேல் ஓடவில்லை, கடைசியில் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்பி முடித்துவிடுகிறேன். அதனால்தான் இந்தக் காகிதம்.

குரல் போவதற்கு முந்தைய நாள் நீ ஒன்று கேட்டாய். துறைமுகத்தில் இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடச் சொல்கிறார்கள், மாதக் கடைசிக்குள் பதில் வேண்டுமாம், நான் என்ன பண்ணட்டும் என்று கேட்டாய். உன் இஷ்டம் என்று சொன்னேன். நீ சரி என்று போனை வைத்துவிட்டாய். அந்தச் சரி இன்னும் காதில் இருக்கிறது. அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். இப்போது கை வலிக்கிறது.

மேலே ஏறும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறு.

உன்
கரடி


வியாழன்

என் உச்சாணிக்கு,

உன் குறுஞ்செய்தி கிடைத்தது. வெந்நீர் குடிக்கிறேன். கிசுகிசுக்கவில்லை. சத்தியம்.

டிரைவிங் ஸ்கூல் முதலாளியம்மா நல்ல மாதிரி, வேலையை விட்டு அனுப்பவில்லை. வாயில்லாமல் எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று முதலில் கார் கழுவ விட்டார். அப்புறம் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். முன்பலகையில் ஒரு தட்டு தட்டினால் கிளட்ச், இரண்டு தட்டினால் பிரேக். தபால்காரர் ஒருவர் என்னிடம் படிக்கிறார், இத்தனை நாளில் இப்போதுதான் பதற்றமில்லாமல் ஓட்டுகிறார். நான் கத்தாததுதான் காரணம் என்று முதலாளியம்மாவிடம் சொல்லியிருக்கிறார். எனக்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை.

வீட்டைப் பற்றிக் கேட்டிருந்தாய். பேசக் கூடாது என்று டாக்டர் சொன்னபோது, ஐயோ, எப்படி இருக்கப்போகிறோம் என்று பயந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் உறைத்தது. இங்கே பேச யார் இருக்கிறார்கள்? நீ போனதிலிருந்து இந்த வீட்டில் நான் வாயைத் திறந்தது போனில்தான். டாக்டர் தடை போட்டதால் வீட்டில் எதுவுமே மாறவில்லை. சமையலறையில் நின்று அதை நினைத்தபோது ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

ஆல்பம் வேலை எனக்காக நிற்கவில்லை. குண்டூசி ட்ரம்ஸை முடித்துவிட்டான். ஆள்தான் குச்சி, இரண்டு காலும் பெடலில் ஓடும்போது தரை அதிர்கிறது. கிட்டார் வாசிக்கிற நம் பல் டாக்டர் கிளினிக்கை மூடிவிட்டு நேராக வந்து, ஒவ்வொரு பகுதியையும் இரண்டு தடவை, இடது காதுக்கு ஒன்று, வலது காதுக்கு ஒன்று என்று வாசித்துத் தள்ளுகிறார். பேஸ் கிட்டார் வாசிக்கிற சாமியார் வழக்கம்போல வாயைத் திறப்பதில்லை. ஸ்டுடியோ சோபாவில் அவர் ஒரு ஓரம், நான் ஒரு ஓரம். இத்தனை வருஷத்தில் இப்போதுதான் நாங்கள் இரண்டு பேரும் நன்றாகப் பழகுகிறோம்.

நேற்று வந்தது வினை. ஆல்பத்தை வெளியிடுகிற கம்பெனி, இந்த மாதத்துக்குள் முடிக்காவிட்டால் உங்கள் இடத்தை வேறு பேண்டுக்குக் கொடுத்துவிடுவோம் என்று எழுதியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு உறுமலைப் பற்றி நினைக்கவே கூடாது என்கிறார் டாக்டர். பல் டாக்டர் தயங்கித் தயங்கி, இன்னொரு பேண்டில் பாடுகிற ஒருத்தனைக் கூப்பிட்டுப் பார்க்கலாமா என்றார். என்னைப் பார்க்காமல் கிட்டார் கம்பியைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். வேறென்ன செய்வது?

அந்தப் பையன் வந்தான், நன்றாகவே உறுமினான், நல்ல பிள்ளையும்கூட. ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக ஸ்டுடியோக்காரர் என் கைடைப் போட்டார். கடைசிப் பாட்டு. ஒருவரும் அசையவில்லை. முடிந்ததும் அந்தப் பையனே எழுந்து, "அண்ணா, இத வச்சுகிட்டு என்னை எதுக்குக் கூப்பிட்டீங்க?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டினான். குண்டூசி என் தோளைப் பிடித்து உலுக்கி, நீ இந்த மாதிரி எப்பவுமே பாடினதில்லையேடா, இதையே வைத்துக்கொள்வோம், அழிக்க வேண்டாம் என்றான். சளியும் காய்ச்சலும் சேர்ந்து ஒரு தினுசான கரகரப்பு வந்திருக்கிறது என்று பல் டாக்டர் விளக்கம் வேறு கொடுத்தார்.

நான் கையை ஆட்டினேன், தலையை ஆட்டினேன், வேண்டவே வேண்டாம் என்று ஸ்டுடியோ பலகையில் பெரிதாக எழுதினேன். எனக்குத் தன்னடக்கமாம்! எல்லாரும் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்? வாய்க்கு வந்ததை உறுமு என்றார்கள், உறுமினேன். எங்கள் பாட்டில் ஒரு வார்த்தைகூட யாருக்கும் புரியாது என்ற தைரியத்தில் உறுமினேன். வாய்க்கு என்ன வந்தது என்பது எனக்குத்தானே தெரியும்?

நீ போட்டிருக்கிற போர்வை போதுமா? அங்கே காற்று அதிகம் என்றாயே.

இப்படிக்கு,
வாயில்லா ஜீவன்


செவ்வாய்

என் உயிரான உச்சாணிக்கு,

இந்தக் கடிதம் மாதக் கடைசிக்குள் உன் கைக்கு வர வேண்டும் என்று விரைவுத் தபாலில் போடுகிறேன். அனுப்பி வைக்கப்போவதே நம் தபால்காரர்தான். பிரேக் போடத் தெரிந்த ஆள், நம்பலாம்.

ஆல்பத்தின் உறையில் அச்சடிக்கப் பாட்டு வரிகள் வேண்டும் என்று கம்பெனி கேட்டது. உட்கார்ந்து கட்டிவிட்டேன். மண்டை ஓடு, புழு, அழுகல், இடிந்த கல்லறை, எல்லாம் தாராளமாகப் போட்டேன். உறுமலின் நீளத்துக்குச் சரியாக அளந்தும் வைத்தேன். பல் டாக்டர் படித்துவிட்டுப் பிரமாதம் என்றார்.

குண்டூசிதான் மாட்டிவைத்தான். ட்ரம்ஸும் குரலும் ஒரே இடத்தில் விழுகின்றனவா என்று பார்க்க, மற்ற சத்தங்களை எல்லாம் நிறுத்திவிட்டு என் குரலை மட்டும் ஹெட்ஃபோனில் திரும்பத் திரும்பக் கேட்டிருக்கிறான். நேற்று மதியம் என்னை வரச் சொன்னான். போனால் மூன்று பேரும் வரிசையாக உட்கார்ந்திருக்கிறார்கள். குண்டூசி என் வரிக் காகிதத்தைத் தூக்கிக் காட்டி, "இதுல 'புழுக்களின் பேரரசு'ன்னு எழுதியிருக்க. நீ பாடியிருக்கிறது, 'பால் தீந்துபோச்சு, வாங்க மறந்துட்டேன்'" என்றான். பல் டாக்டர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டாவது பாட்டு முழுக்கக் குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றியாம். நான்காவதில் உன் பச்சை ஸ்வெட்டரை அலமாரியில் வைக்கவா, பெட்டியில் வைக்கவா என்று கேட்டிருக்கிறேனாம். எனக்கு எங்கே ஓடி ஒளிவது என்று தெரியவில்லை.

அப்புறம் அவன் கடைசிப் பாட்டைப் போட்டான். வெறும் குரல். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள்.

அதில் இருப்பது ஒரே ஒரு சொல், உச்சாணி. பாட்டு ஆரம்பித்ததிலிருந்து முடிகிற வரைக்கும் அதே சொல். "வந்துடு." மெதுவாகப் போகிற இடத்தில் மெதுவாக, ட்ரம்ஸ் தலைதெறிக்க ஓடுகிற இடத்தில் மூச்சு விடாமல், வந்துடு, வந்துடு என்று வேறு எதுவும் இல்லாமல் உறுமியிருக்கிறேன். வயிற்றிலிருந்து எடுக்க வேண்டிய உறுமலைத் தொண்டையிலிருந்து எடுத்தேன். ரத்தம் கட்டியது அந்தப் பாட்டில்தான்.

குண்டூசி என்னைப் பார்த்து, இதை அவளிடம் சொன்னாயா என்று கேட்டான். இல்லை என்று எழுதினேன். என்னதான் சொன்னாய் என்றான். உன் இஷ்டம் என்று எழுதிக் காட்டினேன். அவனுக்கு வந்ததே கோபம்! "உலகத்துக்கே உறுமத் தெரியுது, பொண்டாட்டிகிட்ட வாயத் திறக்கத் தெரியல. நீ கரடி இல்லடா, கழுதை!" என்று ட்ரம்ஸ் குச்சியை என் மேல் எறிந்தான். சாமியார் இருக்கிறாரே, அவர் எழுந்து வந்து, குச்சியைப் பொறுக்கி அவனிடம் கொடுத்துவிட்டு, "எழுதிப் போடுங்க" என்றார். அவர் வாயிலிருந்து இரண்டு வார்த்தை சேர்ந்தாற்போல நான் கேட்டதே இல்லை. அதனால் எழுதுகிறேன்.

நான் ஏன் உன் இஷ்டம் என்றேன் தெரியுமா? உனக்கு அந்த வேலை எவ்வளவு பிடிக்கும் என்று எனக்குத் தெரியும். பெண்ணைக் கிரேனில் ஏற்றுவதா என்று இங்கே இழுத்தடித்தார்கள். அங்கே போனதும் பெரிய கிரேனையே கொடுத்தார்கள். கண்ணுக்கு எட்டிய தூரம் கடல், கீழே ஆட்கள் கடுகு கடுகாக, நான்தான் எல்லாத்தையும் தூக்கி வைக்கிறேன் என்று முதல் வாரம் போனில் கத்தினாயே. அந்தக் குரலைக் கேட்ட பிறகு இறங்கி வா என்று எந்த வாயால் சொல்வது? பெருந்தன்மை என்று நினைத்துத்தான் சொன்னேன். போனை வைத்த பிறகு யோசித்தால், நீ இருந்தாலும் ஒன்றுதான் இல்லாவிட்டாலும் ஒன்றுதான் என்று சொன்ன மாதிரி ஆகிவிட்டது. அப்படி இல்லவே இல்லை. நீ இல்லாமல் எனக்கு ரொம்பக் கஷ்டமாக இருக்கிறது. தாங்க முடியவில்லை என்றே வைத்துக்கொள்.

ஆல்பத்தில் அந்தக் குரலே இருக்கட்டும் என்று ஒத்துக்கொண்டுவிட்டேன். உறையில் புழுவும் மண்டை ஓடும்தான் அச்சாகும், கேட்கிறவர்கள் அதையே கேட்டுக்கொள்ளட்டும். கடைசிப் பாட்டை உனக்கு மட்டும் தனியாக அனுப்பச் சொல்லியிருக்கிறேன். நாள் முழுக்க வாக்கி டாக்கியின் கரகரப்பில் ஆட்கள் பேசுவதைப் புரிந்துகொள்கிறவள் நீ, உனக்கு முதல் தடவையிலேயே புரிந்துவிடும்.

கேட்டுவிட்டும் அங்கேயே இருக்க வேண்டும் என்று உனக்குத் தோன்றினால் இரு. நான் கோபித்துக்கொள்ள மாட்டேன், கொஞ்ச நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான். ஆனால் உன் இஷ்டம் என்று நான் சொன்னதைக் கேட்டு முடிவு பண்ணாதே.

இன்றைக்கு டாக்டர் கருவியை உள்ளே விட்டுப் பார்த்தார். ரத்தக்கட்டு கரைந்துவிட்டதாம். இனிமேல் பேசலாம், ஆனால் ஒரு நாளைக்கு நாலைந்து வார்த்தைதான், அதுவும் மெதுவாக என்றார். எங்கே, உங்கள் பெயரைச் சொல்லுங்கள் பார்ப்போம் என்று கேட்டார், நான் தலையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். வெளியே காத்திருந்த குண்டூசி ஏதாவது சொல்லுடா, ஒரு கெட்ட வார்த்தையாவது சொல்லு என்று கெஞ்சினான். அவனுக்கும் சொல்லவில்லை. இன்னும் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு தடவை எனக்குப் போன் பண்ணு. நீ எதுவும் கேட்க வேண்டாம், சும்மா எடுத்துக் காதில் வைத்துக்கொள். நல்லா இரு, நேரத்துக்குச் சாப்பிடு. நான் போன் பக்கத்திலேயே இருக்கிறேன்.

உன்
கரடி