பாலத்தில் ஜனங்கள் இருந்தார்கள்

என் பிள்ளைகளின் அம்மாவுக்கு,

நலமாக இருக்கிறேன். என் சிறை அறைக்குக் காவல் நிற்கும் நம் பயாஃப்ரா வீரர்கள் இன்னும் எனக்குச் சல்யூட் அடிக்கிறார்கள்.

நைஜீரியப் படையின் கவச வண்டிகள் நெருங்கியதும், பாலத்தை உடனே தகர்க்கச் சொல்லி வயர்லெஸ்ஸில் தளபதி கத்தினார். பாலம் நிறைய நம் ஜனங்கள், கைக்குழந்தைகளும் கிழங்குக் கூடைகளுமாக ஓடிவந்துகொண்டிருந்தார்கள்.

"அவங்க கடக்கட்டும் ஐயா. அதுவரைக்கும் அக்கரையில நின்னு தடுக்கிறோம்."

"இது உத்தரவு, மேஜர்!"

"அப்ப நீங்களே வந்து வெடிக்க வைங்க."

சார்ஜென்ட் ஒக்வுதிலி சிரித்தான். "இந்த வாய்க்காகவே உங்களைச் சுடுவாங்க. வாங்க, போவோம்."

கடைசி ஆள் கடந்த பிறகே தகர்த்தோம். வண்டிகள் ஒன்றுகூட இக்கரைக்கு வரவில்லை. ஒக்வுதிலியும் வரவில்லை.

உத்தரவை மீறியது தவறு என்று ராணுவ நீதிமன்றத்தில் கையெழுத்துப் போட்டால் சுடாமல் விட்டுவிடுவார்களாம். போடமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

இனி இந்த முகவரிக்கு எழுதாதே. பிள்ளைகள் கேட்டால் குரலைத் தாழ்த்தாமல் சொல்.

உன் கணவன்